தனிச்சான்றும் உயிர்வழக்கும்

கொலை பெரும்பாலும் பலர் காண நிகழ்வதன்று. இரவும் தனிமையும் கொலைஞர்க்குத் துணையாதல் இயல்பு. அதனால், நிகழ்ந்ததைக் கண்ணாற் கண்டவர் ஒருவரே என்னும் நிலை நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது. அவ்வொருவர் சொல்லை மட்டும் நம்பி மற்றொருவரைக் குற்றவாளி எனத் துணியலாமா? துணியலாகாது எனின், ஒருவர் மட்டுமே காணச் செய்த கொலைகள் அனைத்தும் தண்டனையின்றி ஒழியும். துணியலாம் எனின், அவ்வொருவர் பொய்த்தாராயினும், மெய்யெனக் கருதியே பிழைபடக் கண்டாராயினும், குற்றமற்றவர் உயிர் அரசின் கையாலேயே போகும். இரு பக்கத்தும் உயிரே நிற்கின்றது.

இவ்வினாவிற்குப் பழைய நெறிகள் பெரும்பாலும் சான்றாளரை எண்ணி விடை கண்டன. இக்காலச் சட்டம் சான்றின் தகுதியை நிறுத்து விடை காண்கின்றது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் நீதிபதியின் பொறுப்பு எவ்வளவு மிகுந்தது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம். தமிழ்நாட்டு முத்துப்பேட்டையில் நிகழ்ந்த ஒரு கொலை பற்றி 1957இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே நம் ஆராய்ச்சிக்கு நடுவிடம். தமிழ்க் காப்பியம் இப்பொருள் பற்றிக் காட்டும் இரு நிகழ்ச்சிகளை அதனோடு ஒப்பு நோக்குதும்.

1. கரி, சான்று, சாட்சி

இப்பொருள் குறித்துத் தமிழில் வழங்கும் சொற்கள் மூன்று. சங்க நூல்களில் பயிலும் பழஞ்சொல் 'கரி' என்பது. பொய்ச்சான்று கூறுவோர் 'பொய்க்கரியாளர்' எனப்பட்டனர். கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாட்டில், தலைவன் தன்னை மணந்த ஞான்று உடனிருந்தது மீன் பார்த்து நின்ற குருகு ஒன்றே எனத் தலைவி இரங்குகின்றாள். தனிச்சான்றின் இடர் முழுவதும் அப்பாட்டில் அடங்கியுள்ளது. கண்டது ஒன்றே, அதுவும் வேறொன்றில் கருத்தூன்றி நின்றது, நடந்ததை எடுத்துரைக்கவும் இயலாதது.

'சாட்சி' வடசொல்லின் வழி வந்தது. கண்ணொடு கூடியிருந்தவர் என்பது அதன் அடிப்படைப் பொருள். 'சான்று' என்பதோ, நிறைதல், அமைதல் எனப் பொருள்படும் 'சால்' என்னும் வினையடியிற் பிறந்து, 'சான்றோர்' என்னும் சொல்லோடு உறவுடையது. ஒரு சொல் கண்ணைச் சுட்ட, மற்றொரு சொல் குணநிறைவைச் சுட்டுகின்றது. தனிச்சான்று ஒன்றை ஆராயும் நீதிபதி கேட்கவேண்டிய வினாக்களும் இவ்விரண்டே: இவர் உண்மையிற் கண்டாரா? கண்டதை உள்ளவாறு சொல்லும் இயல்பினரா? முன்னது காட்சி பற்றியது. பின்னது வாய்மை பற்றியது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டு மயங்கியதால் விளைந்த தீங்குகள் பல என்பது பின்னர்ப் பெறப்படும்.

2. எண்ணும் நெறி

பழைய சட்ட நூல்கள் பலவும் ஒருவர் சொல்லை ஐயுற்றன. விவிலியத்தின் இணைச்சட்ட நூல், இருவர் அல்லது மூவர் சொல்லாலன்றி எக்குற்றமும் உறுதிப்படாது என விதித்தது. உரோமப் பேரரசன் கான்சுடன்டைன் கி.பி. 334இல், எத்துணை உயர்நிலையினராயினும் தனி ஒருவர் சான்றைக் கேட்கலாகாது என ஆணையிட்டான். திருச்சபைச் சட்டத்தின் வழியாக இக்கருத்து இடைக்கால ஐரோப்பாவில் வேரூன்றியது. இங்கிலாந்தின் பொதுச் சட்டம் கொலை முதலிய வழக்குகளில் இவ்வெண்ணிக்கையை வற்புறுத்தவில்லை. ஆயின் அரசத் துரோக வழக்கில் இருவர் சான்று வேண்டும் என 1696ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது.

இந்நாட்டு வடமொழி நூல்களும் இதனை ஆராய்ந்துள்ளன. மனுநூல் பொதுவாக மூவர்க்குக் குறையாத சான்றாளரை வேண்டுகின்றது. ஆயினும் அவாவற்ற ஒருவர் தனித்தும் சான்றாகலாம் என்கின்றது. அறமறிந்தவரும் இரு கட்சியாரும் ஏற்றவருமாயின் ஒருவரே அமையும் என்பது யாஞ்ஞவற்கியர் கொள்கை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் மூவரை வேண்டி, கட்சியார் உடன்பட்டால் இருவர் போதும் எனத் தளர்த்தி, கடன் வழக்கில் ஒருவர் சான்று ஒருபோதும் ஆகாது என விலக்குகின்றது. எனினும் மறைவாக நிகழ்ந்த செயல்களிற் கண்டவரோ கேட்டவரோ ஒரே ஆணாயினும் பெண்ணாயினும் சான்றாகலாம் என்று கூறுகின்றது. எண்ணும் நெறியை வகுத்தவர்களே அதன் போதாமையையும் உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும். மறைவிற் செய்த செயலுக்குக் கூட்டத்தைச் சான்றாகக் கேட்டல் பொருந்தாது என அவர்கள் கண்டனர்.

தமிழ் நூல்களுள் பெரியபுராணம் காட்டும் திருவெண்ணெய்நல்லூர் அவை ஈண்டு நினைத்தற்குரியது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கை நிறுவுக என அவ்வவையினர் கேட்கின்றனர். ஓலை காட்டப்பட்டபோதும் அதனை அவ்வாறே ஏற்றாரல்லர். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பு நோக்கிய பின்னரே தீர்ப்பளித்தனர். ஒரு சான்றை அதற்குப் புறம்பான மற்றொன்றால் உரைத்துப் பார்க்கும் முறை இது. இக்கால நீதிமன்றங்கள் துணைச்சான்று என்பதும் இதனையே.

3. புகாரும் மதுரையும்

பொய்க்கரியின் தீமையைச் சிலப்பதிகாரம் போல் எடுத்துக்காட்டும் தமிழ் நூல் பிறிதில்லை எனலாம். அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனின் பழஞ்செயல்களை எடுத்துரைக்குமிடத்து ஒரு நிகழ்ச்சி வருகின்றது. கற்புடைய பெண்ணொருத்தி மேல் பழி சுமத்தி, தான் அறியாததொன்றை அறிந்தான் போல் அவள் கணவனிடம் வறியவன் ஒருவன் கரி பொய்க்கின்றான். புகாரின் சதுக்கப் பூதம் அவனைப் பாசத்தாற் கட்டுகின்றது. அவன் தாய் படும் துயர் பொறாத கோவலன், தன் உயிரைக் கொண்டு அவனுயிரைத் தருமாறு வேண்ட, பூதம் அதற்கு இசையாது அவனைக் கொல்கின்றது. கோவலன் அக்குடும்பத்தாரைப் பல்லாண்டு புரந்தான் என்பர்.

இந்நிகழ்ச்சியிற் சான்று கூறியவன் ஒருவனே, கூறியது பொய்யே. ஆயின் புகார் நகரில் பொய்யைத் தானே அறியும் தெய்வ ஆற்றல் ஒன்று சதுக்கத்தில் நின்றது. ஆதலின் அங்கே ஆராய்ச்சி வேண்டப்படவில்லை.

மதுரையில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. பொய்க்கரியாளனுக்காகத் தன்னுயிர் தர முன்வந்த கோவலனே அங்குப் பொய்க்கரிக்கு இரையாகின்றான். அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்த பொற்கொல்லன், கள்வன் தன் இல்லத்தயல் உள்ளான் என அரசனிடம் கூறுகின்றான். இது களவு வழக்கே. ஆயின் முடிவு கொலை. பொற்கொல்லன் களவைக் கண்டவனும் அல்லன். சிலம்பு ஒருவன் கையிலிருப்பதைக் கண்டு, அதனின்று களவைக் கட்டியவன். மேலும், பிறனொருவன் கள்வன் எனப்படுதலால் தன் குற்றம் மறையும் நிலையில் இருந்தவன். இவற்றுள் ஒன்றையேனும் பாண்டியன் வினவவில்லை. அரசியின் ஊடல் தணிக்கச் செல்லும் விரைவில் ஆணை பிறந்துவிடுகின்றது.

காவலர்க்கோ ஐயம் எழுகின்றது. இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என அவர்கள் தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கையாளும் வழிகளை நூல்நெறியால் விரித்துரைத்து அவ்வையத்தை மூடிவிடுகின்றான். சான்றாளனின் தளராத பேச்சு, சான்றின் உண்மையாகக் கொள்ளப்பட்டது. காட்சியும் வாய்மையும் ஆராயப்படாமல், சொல்வன்மை மட்டும் வென்ற இடம் அது. இறுதியில் கல்லாக் களிமகன் ஒருவனின் வாள் வழக்கை முடிக்கின்றது.

வழக்குரை காதை ஒருவகையில் மேல்முறையீடே. ஆயின் தண்டனை நிறைவேறிய பின் நிகழ்ந்த மேல்முறையீடு. அதில் கண்ணகி புதிய சான்றாளர் எவரையும் கொணரவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். அரசன் தன் தேவியின் சிலம்புப் பரல் முத்து என்கின்றான். சிலம்பு உடைந்த அளவில் உண்மை தெறிக்கின்றது. இச்சோதனையைக் கோவலன் உயிரோடிருந்தபோதே செய்திருக்கலாம். பாண்டியன் தவறியது ஒருவன் சொல்லைக் கேட்டதனால் அன்று. அவ்வொருவன் சொல்லை எதனோடும் ஒப்பு நோக்காமையால். பொற்கொல்லர் மூவர் வந்து ஒரே பொய்யைக் கூறியிருப்பினும் முடிவு வேறாயிராது என்பதை நோக்க, எண்ணும் நெறியின் குறை விளங்கும்.

4. 1872ஆம் ஆண்டுச் சட்டம்

சேம்சு பிட்சுசேம்சு சுடீபன் வரைந்த இந்தியச் சான்றுச் சட்டம் 1872 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 134ஆம் பிரிவு, எந்த வழக்கிலும் எந்தச் செய்தியையும் மெய்ப்பிக்கக் குறிப்பிட்ட எண்ணிக்கையிற் சான்றாளர் தேவையில்லை என்று கூறுவது. ஒரே தொடரில் அமைந்த இவ்விதியால் எண்ணும் நெறி இந்நாட்டு நீதிமன்றங்களினின்று நீங்கியது. 2024 சூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற 2023ஆம் ஆண்டுப் பாரதிய சாட்சியச் சட்டமும் இவ்விதியை மாற்றாது தன் 139ஆம் பிரிவாக வைத்துள்ளது.

சட்டம் எண்ணிக்கையை நீக்கியது; எவ்வாறு நிறுப்பது எனக் கூறவில்லை. அப்பணி தீர்ப்புகளுக்கு உரியதாயிற்று. சோமாலிலாந்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்று, 1946ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான கொலை வழக்கொன்று இவ்வரலாற்றில் ஒரு படி. இந்தியச் சான்றுச் சட்டம் அங்கும் வழங்கியது. சான்றுரைத்தவள் ஆணை எடுக்காத சிறுமி. துணைச்சான்று வேண்டும் எனச் சட்டம் கூறவில்லை. ஆயினும் சிறாரின் சொல்லை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்காதிருத்தல் நல்ல வழக்கம் என்பது கவுன்சிலின் கருத்து. சட்டத்தின் கட்டளை வேறு, அறிவின் எச்சரிக்கை வேறு என்னும் இப்பாகுபாடு பின்வந்த தீர்ப்புகளுக்கு அடிப்படையாயிற்று.

5. முத்துப்பேட்டை வழக்கு

1955 நவம்பர் 10 இரவு, அந்நாளைய தஞ்சை மாவட்டத்து முத்துப்பேட்டையில் தேநீர்க் கடையொன்றின் முன் ஒருவர் கொலையுண்டார். கிழக்குத் தஞ்சைச் செசன்சு நீதிமன்றம் முதல் எதிரிக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. தீர்ப்பு முழுவதும் ஒருவர் சான்றைச் சார்ந்திருந்தது. அவர் கொலையுண்டவரின் மனைவி.

உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டாளர் சார்பில் இரு வாதங்கள் எழுந்தன. கொலை வழக்கில் தனியொருவர் சான்றைத் துணைச்சான்றின்றி ஏற்றல் தகாது என்பது ஒன்று. ஏற்பினும், சான்று ஒருவரதே ஆதலால் உயிர்த்தண்டனையையேனும் குறைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. 1957 ஏப்ரல் 12இல் நீதிபதி புவனேசுவர் பிரசாத் சின்கா எழுதிய தீர்ப்பு இரண்டனையும் மறுத்தது. பின்னாளில் தலைமை நீதிபதியாக விளங்கியவர் அவர்.

தீர்ப்பு நிறுவிய கோட்பாடுகளின் சாரம் இது. ஒருவர் சான்று நம்பத்தக்கதாயின் துணைச்சான்றின்றியும் அதனை ஏற்கலாம். நம்பத்தக்க ஒருவர் சொல், ஐயத்திற்குரிய பலர் சொல்லினும் எடை மிக்கது. சட்டம் வேண்டாத இடத்து நீதிமன்றம் துணைச்சான்றை வற்புறுத்தலாகாது. சிறார், உடன்குற்றவாளி போன்றோர் சொல்லாயின் முன்னெச்சரிக்கை பற்றி வேண்டலாம். எவ்வழக்கில் வேண்டும், எவ்வழக்கில் வேண்டா என்பதற்குப் பொதுவிதி இல்லை. அவ்வவ்வழக்கின் இயல்பை நோக்கி நீதிபதியே துணிதல் வேண்டும்.

இதனையடுத்து வாய்மொழிச் சான்றைத் தீர்ப்பு மூவகைப்படுத்துகின்றது: முற்றும் நம்பத்தக்கது, முற்றும் நம்பத்தகாதது, முற்றும் நம்பவும் முற்றும் தள்ளவும் இயலாதது. முதல் வகையில் தனிச்சான்றே போதும். இரண்டாம் வகையில் அதனைத் தள்ளுவதன்றிச் செயலில்லை. இடர் மூன்றாம் வகையிலேயே உள்ளது. ஆண்டு, நேரிய சான்றோ சூழ்நிலைச் சான்றோ வழக்கின் இன்றியமையாக் கூறுகளில் துணைநிற்றல் வேண்டும்.

எண்ணிக்கையை வற்புறுத்தலாகாமைக்குத் தீர்ப்பு கூறும் காரணங்களுள் ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. இத்துணைச் சான்றாளர் வேண்டும் என நீதிமன்றம் விதிக்குமாயின், கட்சியார் அவ்வெண்ணிக்கையை நிரப்பப் பொய்ச்சான்றாளரைத் தேட முற்படுவர் என்பதே அது. நல்லெண்ணத்தோடு அமைத்த காப்பு, பொய்க்கரிக்கே வாயிலாகும். எதிரியைக் காக்க எழுந்த எண்ணும் நெறி, எதிரிக்கே பகையாக முடியக்கூடும். இதனைக் கண்டது இத்தீர்ப்பின் சிறப்பு என்பது எம் கருத்து.

எனினும் இம்மூவகைப் பாகுபாட்டின் எல்லையையும் உணர்தல் வேண்டும். 'முற்றும் நம்பத்தக்கது' என்பது ஆராய்ச்சியின் முடிபேயன்றி ஆராயும் கருவியன்று. ஒரு சான்றை அவ்வகையுட் சேர்த்தற்குரிய காரணங்களை நீதிபதி எழுத்தில் வைத்தாலன்றி, அப்பெயர் பாண்டியன் ஆணையைப் போலவே முடியும். மேலும், விசாரணை நீதிபதி சான்றாளரின் முகத்தையும் குரலையும் அறிவார். மேல்முறையீட்டு நீதிபதி எழுத்தையே அறிவார். ஆதலின் எழுத்தாற் காட்டக்கூடியவற்றையே அவர் பற்றுக்கோடாகக் கொள்ளல் வேண்டும். முதற்செய்தி காவல் நிலையத்திற்கு எப்பொழுது சென்றது? அதில் உள்ளதும் நீதிமன்றத்திற் கூறியதும் ஒத்தனவா? காயங்களைப் பற்றிய மருத்துவர் கூற்று அதனோடு பொருந்துமா? ஒளி இருந்ததா? பழம்பகை உண்டா? இவ்வினாக்களுக்குரிய விடைகளே தனிச்சான்றின் எடைக்கற்கள்.

6. உறவும் காட்சிப் பிழையும்

கொலையுண்டவரின் உறவினரே தனிச்சான்றாதல் பெருவழக்கு. 1953இல் பஞ்சாபிலிருந்து வந்த மேல்முறையீடொன்றில் நீதிபதி விவியன் போசு இது பற்றித் தெளிவுரைத்தார். நெருங்கிய உறவினர் உண்மைக் கொலைஞனைத் தப்பவிட்டுக் குற்றமற்றவனைச் சிக்கவைத்தல் இயல்பன்று. ஆயின் பகை மூண்டுள்ள இடத்தில், குற்றவாளியோடு தம் பகைவனையும் சேர்த்துச் சொல்லும் வேட்கை எழக்கூடும் என்றார். உறவு வேறு, ஆதாயம் வேறு. மனைவி உறவினள், பொற்கொல்லன் ஆதாயம் உடையவன். இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்கின், முத்துப்பேட்டைச் சான்றும் மதுரைச் சான்றும் ஒருவர் சொல் என்னும் அளவிலேயே ஒத்தன என்பது தெளியப்படும்.

பின்வந்த தீர்ப்புகளும் இருவழியும் சென்றுள்ளன. 1993இல் அசாமிலிருந்து வந்த கொலை மேல்முறையீட்டில், கொலையுண்டவரின் மருமகன் முறையினர் ஒருவரே கண்ட சான்று. அவர் சொல் முற்றும் நம்பத்தக்கதன்று, துணைச்சான்றும் இல்லை எனக் கண்டு உச்ச நீதிமன்றம் எதிரியை விடுவித்தது. 2007இல் மகாராட்டிரத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில், கொலையுண்டவரின் மகன் ஒருவரே சான்று. அவர் சொல் ஏற்கப்பட்டுத் தண்டனை நிலைத்தது. கோட்பாடு ஒன்றே, எடை வேறாயிற்று.

இதுகாறும் கூறியன பெரிதும் வாய்மை பற்றியன. காட்சிப் பிழையோ இதனினும் கொடிது. ஏனெனின் பிழைபடக் கண்டவர் பொய்யர் அல்லர். அவர் தளராது பேசுவர். குறுக்கு விசாரணையிற் கலங்கார். இங்கிலாந்தில் இவ்வுண்மை உணரப்பட்டு, தெவ்லின் பிரபு தலைமையில் அமைந்த குழு 1976இல் அறிக்கை அளித்தது. அவ்வாண்டே அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 'டர்ன்புல்' வழக்கில் நெறிகளை வகுத்தது. எவ்வளவு தொலைவு, எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம், இடையே மறைப்பு உண்டா, முன்னறிந்த முகமா, முதல் வருணனைக்கும் எதிரியின் தோற்றத்திற்கும் வேறுபாடு உண்டா என நடுவர் குழுவுக்கு நீதிபதி நினைவூட்டல் வேண்டும். காட்சியின் தரம் குறைந்து, துணையும் இல்லையாயின், வழக்கை நடுவர் குழுவிடம் விடாமலே முடித்தல் வேண்டும் என்பது அந்நெறி. ஆண்டும் எண்ணிக்கைக்கு மீளவில்லை. நிறுக்கும் முறையையே நுணுக்கினர்.

7. தண்டனையும் எஞ்சிய ஐயமும்

முத்துப்பேட்டை வழக்கின் இரண்டாம் வாதத்தை இனி நோக்குவாம். சான்றின் அளவு குற்றத்தைத் துணிதற்கு உரியது; தண்டனை குற்றத்தின் இயல்பைப் பொறுத்தது; எனவே சான்று ஒருவரது என்பதால் தண்டனை குறையாது என்றது தீர்ப்பு. இதன் தருக்கம் வலிமையுடையது. நம்பிக்கை பாதியாயின் எதிரியை விடுவித்தலே முறை. பாதி நம்பிக்கைக்குப் பாதித் தண்டனை என்பது நீதியாகாது.

அக்காலச் சூழலையும் கருதுதல் தகும். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கொலைக்குற்றத்திற்குத் தூக்கு விதிக்காவிடின் அதற்குக் காரணம் எழுதுதல் வேண்டும். 1955ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விதியை நீக்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டமோ, தூக்கு விதிப்பதாயின் சிறப்புக் காரணம் எழுதுக எனத் தலைகீழாக மாற்றியது. காரணம் கூறும் சுமை ஒரு பக்கத்தினின்று மறுபக்கத்திற்கு மாறியது.

இம்மாற்றத்தின் விளைவை 2014இல் திரிபுராவிலிருந்து வந்த மேல்முறையீட்டிற் காண்கின்றோம். குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது எனக் கொண்ட பின்னரும், நீதிபதியின் உள்ளத்தில் முழுத்தெளிவுக்கும் அதற்கும் இடையே சிறிதளவு ஐயம் எஞ்சி நிற்கலாம். தூக்கு விதிக்குமிடத்து அதனையும் கருதலாம் என உச்ச நீதிமன்றம் ஏற்று, அவ்வழக்கில் தூக்கை நீண்ட சிறைத் தண்டனையாக மாற்றியது. சான்றாளர் எண்ணிக்கை தண்டனைக்குப் பொருந்தாது என்னும் 1957ஆம் ஆண்டுக் கருத்தை இது நேரே மறுப்பதன்று. ஆயின் சான்றின் எடையும் தண்டனையும் முற்றும் தொடர்பற்றன என்னும் கருத்தைத் தளர்த்துவது. சிறையிலிருப்பவர் பொருட்டு வழக்கை மீண்டும் திறக்கலாம். தூக்கிலிடப்பட்டவர் பொருட்டுச் சிலம்பை உடைத்தும் பயனில்லை. ஆதலின் பின்னைய கருத்தே தக்கது என யாம் கொள்கின்றோம்.

8. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றாற் பெறப்படுவன இவை. எண்ணும் நெறி, நீதிபதியை நம்பாத காலத்தில் எதிரியைக் காக்க எழுந்தது. அது மறைவிற் செய்த கொலைக்கு உதவாது. பொய்ச்சான்று பெருகவும் இடமாயிற்று. நிறுக்கும் நெறி அக்குறைகளை நீக்கியது. ஆயின் எண்ணுதல் யார்க்கும் எளிது, நிறுத்தல் அரிது. எண்ணிக்கை தந்த காப்பு நீங்கிய இடத்தில், காரணம் காட்டி எழுதும் தீர்ப்பும், அதனை மீண்டும் ஆராயும் மேல்முறையீடுமே எதிரிக்குக் காப்பாக நிற்கின்றன. புகாரில் நின்ற பூதம் இன்று எந்நகரிலும் இல்லை. அதன் பணியை நீதிபதியே வினாக்களாற் செய்தல் வேண்டும். தண்டனை நிறைவேறுமுன் செய்தல் வேண்டும்.